நோவில்லாத வீடு

சிவனாண்டிக்குக் 'குரங்குச் சம்பந்தி' என்று பெயர் வைத்தவன் சோணை. சமயநல்லூர் டீக்கடை பெஞ்சில் காலையில் வைத்த பெயர், பொழுது சாய்வதற்குள் ஆனையூர் வரைக்கும் போய்விட்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த விஷயத்தில் மட்டும் சுறுசுறுப்பு அதிகம்.

சிவனாண்டி அதைத் தானாகத் தேடிக்கொண்டான் என்றும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் தை மாதம் மதுரை தமுக்கம் மைதானத்தில் ஒரு சர்க்கஸ் வந்து கூடாரம் போட்டது. யானைகளுக்கு வாழைமட்டையும் கரும்புத் தோகையும் வண்டியில் கொண்டுபோய் இறக்கியவன் இவன். கூட்டம் சேராமல் சர்க்கஸ் நொடித்துப்போய், யானை ஒரு திசை, குதிரை ஒரு திசை என்று பிரிந்தபோது, கேட்பாரில்லாமல் நின்றது ஒரு சிம்பன்சி. பெட்டை. ரோசி என்று பெயர். அந்த இனமே அருகிக்கொண்டு வருகிறது, சரியான காகிதம் இல்லாமல் வைத்திருந்தால் கேஸ் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்ததால் எவனும் அதன் சங்கிலியைத் தொடப் பயந்தான்.

சர்க்கஸ் மிருகங்களுக்கு வைத்தியம் பார்த்துவந்த கால்நடை டாக்டர் கைலாசநாதன் அலைந்து திரிந்து ஒரு வழி பண்ணினார். வடக்கே ஒரு மிருகக்காட்சி சாலையில் ஆண் சிம்பன்சி ஒன்று பல வருஷமாக ஒற்றையாகக் கிடந்தது. அவர்கள் ரோசியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஆனால் கூண்டும் லாரியும் வந்து சேரப் பங்குனி ஆகிவிடும். அதுவரை எங்கே வைப்பது என்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, வாழைமட்டை இறக்கிக்கொண்டிருந்த சிவனாண்டி வாயைத் திறந்தான்.

"எங்க தோட்டத்துல மோட்டார் ரூம் இருக்கு சார். கல்லுக் கட்டடம், இரும்புக் கதவு. ஒரு மாசமென்ன, ஒரு வருசம் வேணும்னாலும் இருக்கட்டும்."

யாருக்கும் முடியாததைத் தன்னால் முடியும் என்று சொல்வதில் அவனுக்கு ஓர் ஆசை. வீட்டில் கேட்க வேண்டும் என்றெல்லாம் தோன்றவே இல்லை.

வீட்டில் என்றால் முத்துத்தாய். வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உள்ள ரெண்டு மாட்டுக்கே தீவனத்துக்கு அல்லாடுறோம். இதுல இது வேறயா? இது என்னத்தத் திங்கும், எங்க படுக்கும்னு ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"வாழப்பழம் திங்கும். இம்புட்டுப் பெரிய தோட்டத்துல அதுக்கு ஒரு தாரு கெடைக்காதா?"

"நான் பாக்க மாட்டேன். நீங்களாச்சு, ஒங்க கொரங்காச்சு."

மூன்றாம் நாள் பார்த்தால் அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோசிக்கு முன்பற்கள் இல்லை. கடித்துவிடக் கூடாதென்று சர்க்கஸில் பிடுங்கிவிட்டிருந்தார்கள். பழத்தை ஈறால் நசுக்கி, பாதியைக் கீழே சிந்திவிட்டு, சிந்தியதை விரலால் வழித்து வாயில் வைத்தது. முத்துத்தாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் கேப்பைக் களியைத் தளதளவென்று கிண்டி, கருப்பட்டி தட்டிப்போட்டு, ஆறவைத்து எடுத்துப் போனாள். ரோசி சட்டி முழுவதையும் தின்றுவிட்டு அவள் முந்தானையைப் பிடித்து அதில் வாயைத் துடைத்துக்கொண்டது.

"அடி கழுத, என் சேலைதேன் ஒனக்குக் கெடச்சுச்சா?" என்றாள் முத்துத்தாய். அன்றிலிருந்து களி அவள் பொறுப்பு.

அவள் வாழைக்குப் பக்கக்கன்று அறுக்கும்போது நீளச் சங்கிலியில் ரோசி வரப்பில் உட்கார்ந்திருக்கும். அவள் குனிந்தால் குனியும், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தால் தானும் பிடிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் ஜெயக்கொடிக்கு எட்டு வயசு. அவள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு நேராக மோட்டார் ரூமுக்கு ஓடுவாள். ஒரே சட்டியில் இரண்டும் கையை விடும். ஊர் ஆம்பளைகள் வேடிக்கை பார்க்க வந்து, சர்க்கஸில் பழக்கிய பழக்கம் என்று தெரிந்ததும் ரோசிக்குப் பீடி பற்றவைத்துக் கொடுத்தார்கள். அது மூக்கால் புகை விட்டதைப் பார்த்துக் கைதட்டினார்கள். இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்தபோது அந்தப் பீடிக் கூட்டம் கையும் களவுமாக அகப்பட்டது. அவர் சத்தம் போடவில்லை. சோணை கையிலிருந்த பீடிக்கட்டை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"இது எப்படி இங்க வந்ததுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். "ஆப்பிரிக்காக் காட்டுல குட்டியை மட்டும் தனியாப் பிடிக்க முடியாது. தாய் விடாது. தாயைச் சுடணும். கூட்டத்துல மத்ததெல்லாம் காப்பாத்த ஓடிவரும், அதையும் சுடணும். அத்தனையையும் கொன்னுட்டுத்தான் இந்த ஒண்ணைக் கொண்டுவந்து, பல்லைப் பிடுங்கி, சைக்கிள் விட வச்சிருக்காங்க. அந்தக் காட்டையும் வெட்டிட்டே வர்றாங்க. இனிமே இது பெருகணும்னா இருக்கிற ஒண்ணு ரெண்டைச் சேர்த்து வச்சுக் காப்பாத்தினாத்தான் உண்டு. அந்த ஆணுக்கு வேற ஜோடி கிடையாது. அதனாலதான் நான் இவ்வளவு பாடுபடறேன்."

கூட்டம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டது. சோணைகூட வேட்டியைத் தட்டிக்கொண்டு "வாரேன் மாப்ள" என்று நகர்ந்துவிட்டான். சிவனாண்டி மட்டும் நின்றான். டாக்டர் அவனிடம் தனியாகச் சொன்னார்.

"ஆளுங்களைக் கிட்ட விடாதீங்க. மாட்டுக்கு வர்ற நோய் இதுக்கு வருமோ என்னவோ, மனுஷனுக்கு வர்றது அத்தனையும் வரும். சளி, காய்ச்சல், அம்மை எல்லாம். நமக்கும் இதுக்கும் அவ்வளவு நெருக்கம். நாம தாங்கிக்குவோம், இது தாங்காது."

"அப்படிங்களா சார்?" என்றான் சிவனாண்டி. மறுநாளே மோட்டார் ரூமைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு அடைத்தான். 'டாக்டர் என்னை நம்பித்தேன் விட்டிருக்காரு' என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டான். அந்த முள்வேலிக்கு உள்ளே தன் மகள் தினமும் போய்வருவது அவனுக்குக் கணக்கில் வரவில்லை. பெற்ற பிள்ளையை யார் வெளி ஆள் என்று நினைப்பார்கள்?

பங்குனி வெயில் ஏறியது. கிணற்றில் தண்ணீர் இறங்கியது. ஜெயக்கொடி ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து கண் சிவந்து வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே ரோசியோடு விளையாடிவிட்டுப் படுத்தாள். உடம்பு கொதித்தது. அப்புறம் காதுக்குப் பின்னால் பொடிப்பொடியாகக் கிளம்பி, முகம், மார்பு எல்லாம் மணலை வாரி இறைத்தது போல் ஆகிவிட்டது.

சிவனாண்டியின் அக்கா இருளாயி வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மணல்வாரி அம்மை போட்டிருக்கு. அம்மா வந்திருக்கா. யாரும் வாயில காய்ச்சல், நோவுன்னு சொல்லிறாதீக. தாளிக்காதீக, தலை சீவாதீக. தண்ணி ஊத்துற வரைக்கும் வீட்டுல இருந்து ஒரு துரும்பு வெளிய போகக் கூடாது."

"சரி மதினி" என்றாள் முத்துத்தாய். வாசலில் வேப்பிலை செருகினாள். அந்த வேப்பிலையைப் பார்த்தால் எங்கள் ஊரில் பிச்சைக்காரன்கூடப் படி ஏற மாட்டான். ஜெயக்கொடி வேப்பிலைப் படுக்கையில் கிடந்து இளநீரும் பானகமும் குடித்தாள். வாயைத் திறந்தால் ரோசிக்குக் களி கொடுத்தாயா என்ற கேள்விதான்.

மிருகக்காட்சி சாலை லாரி கிளம்பிவிட்டது, நாளைக் காலையில் வந்துவிடும் என்று டாக்டர் ஆள் விட்டுச் சொன்னது அந்தச் சமயத்தில்தான்.

முத்துத்தாய் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "ஏங்க, தண்ணி ஊத்தி முடியட்டும்னு சொல்லுங்க. அம்மா இருக்கும்போது வீட்டுல இருந்து ஒண்ணும் போகக் கூடாதுன்னு மதினி சொன்னாகள்ல?"

"அது வீட்டுப் பொருளா? சர்க்கஸ்காரன் பொருளு. அதுவும் வீட்டுலயா இருக்கு? தோட்டத்துல இருக்கு."

"நம்ம சட்டியில திங்குது. நம்ம பிள்ளைகூடத் திங்குது."

"இந்தா, அம்புட்டுத் தொலைவுல இருந்து லாரி வருது. திருப்பி அனுப்புனா மறுபடியும் வருவானா? இன்னும் எத்தன நாளைக்கு நான் இந்தப் பேரைச் சுமக்குறது? ரயில்வே கேட்டுல நின்னா கேட்டுக்காரன்கூட, 'சம்பந்தி, மருமகப்பிள்ளை எப்ப வாராரு'ன்னு கேக்குறான்."

அவன் சொன்னதில் உண்மையான காரணம் இந்தக் கடைசி வார்த்தைதான். பெருமைக்காக வாங்கி வந்தவன் கேலி பொறுக்காமல் அனுப்பத் துடித்தான். டாக்டர் சொன்ன வார்த்தை அவனுக்கு மறந்துவிடவில்லை. மறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

காலையில் மோட்டார் ரூம் கதவைத் திறந்தபோது ரோசி வழக்கம்போல் எழுந்து வரவில்லை. சுவரோரம் குந்தியிருந்தது. மூக்கு ஒழுகியிருந்தது. கண்ணோரம் ஈரம். சிவனாண்டி வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தோள் துண்டை வாய்க்காலில் நனைத்து, அதன் மூக்கையும் கண்ணையும் அழுத்தித் துடைத்தான். ரோசி முகத்தைக் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தது. களிச் சட்டியோடு வந்த முத்துத்தாய் அதைப் பார்த்தாள்.

"என்ன பண்றீக?"

"பிரிஞ்சு போற துக்கம். கண்ணீர் விடுது" என்றான்.

காலையில் களி கிண்டும்போது முத்துத்தாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதனால் நம்பிவிட்டாள்.

லாரி வாழைத்தோட்டம் வரை வந்து நின்றது. டாக்டர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். வேப்பிலை செருகிய வாசல் ஊருக்குள் இருந்தது. அதை அவர் பார்க்க வழியில்லை. ரோசியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். நல்ல உடம்புதான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முத்துத்தாயிடம் திரும்பினார். தினமும் சோறு வைக்கிறவள் அவள் என்பது அவருக்குத் தெரியும். கிராமத்துப் பெண் ஆயிற்றே என்று அவளுக்குப் புரிகிற வார்த்தையாகத் தேடிக் கேட்டார்.

"வீட்டுல யாருக்கும் நோவு நொடி ஒண்ணும் இல்லையேம்மா?"

"நோவெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றாள் முத்துத்தாய்.

அவள் பொய் சொல்லவில்லை. அம்மா வந்திருப்பதை நோவு என்று சொன்னால் அம்மா கோபித்துக்கொண்டு பிள்ளையின் கண்ணைப் பறித்துவிடுவாள் என்று கேட்டு வளர்ந்தவள். அம்மா வந்திருப்பதாக வெளியாள் காதில் போடவும் கூடாது. கேட்ட கேள்விக்கு அவள் அறிந்த சரியான பதில் அதுதான்.

டாக்டர் சிவனாண்டியையும் பார்த்தார். சிவனாண்டி கூண்டுக் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பது போல் குனிந்துகொண்டான். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

ரோசி கூண்டுக்குள் ஏற மறுத்தது. முத்துத்தாய் முதலில் உள்ளே போய் உட்கார்ந்து, களிச் சட்டியை மடியில் வைத்துக் கூப்பிட்ட பிறகுதான் வந்தது. அது சட்டியில் கையை விட்ட சமயம் பார்த்து அவள் வெளியே வந்தாள். கதவு விழுந்தது. லாரி ரோட்டில் ஏறும் வரை ரோசி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஜெயக்கொடிக்கு அம்மா இறங்கினாள். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் ஊற்றி, மாரியம்மனுக்கு மாவிளக்கு வைத்தார்கள். சிவனாண்டி டீக்கடையில் காலை மடக்கி உட்கார்ந்து, வடக்கே இப்போது ரோசி ஜோடியோடு இருக்கும் விதத்தை நேரில் பார்த்தவன் போல் சொல்லிக்கொண்டிருந்தான்.

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகு ஒரு மத்தியானம் டாக்டர் வந்தார். இந்தத் தடவை நேராக வீட்டுக்கே வந்தார். சிவனாண்டி நாற்காலியை எடுத்துப்போட்டுத் துண்டால் துடைத்தான். முத்துத்தாய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் செத்துப்போச்சு" என்றார்.

முத்துத்தாய்க்குப் புரியவில்லை. "எந்த ரெண்டு சார்?"

"ரோசி போய்ச் சேர்ந்ததுமே படுத்துடுச்சு. பிரயாணக் களைப்புன்னு நினைச்சிருக்காங்க. நான்தான் நல்லாயிருக்குன்னு எழுதிக் கொடுத்திருந்தேனே, அதனால தனியா வைக்கல. பக்கத்துக் கூண்டுல ஆண். கம்பி வழியாக் கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்குமாம் ரெண்டும். அதுக்கும் வந்து, அது முதல்ல செத்துச்சு. அப்புறம் இது. அறுத்துப் பார்த்துட்டு மணல்வாரின்னு சொல்றாங்க. எங்க ஒட்டிச்சுன்னு விசாரணை. லாரிக்காரனைச் சந்தேகப்படறாங்க. சிவனாண்டி வீட்டுல அப்படி ஒரு நோய் இல்லவே இல்ல, அவங்க பொய் சொல்ற ஜனங்க இல்லன்னு நான் எழுதியிருக்கேன்."

முத்துத்தாய் கிட்டே வந்தாள். "மணல்வாரியா?" என்றாள். "எங்க ஜெயக்கொடிக்கு மணல்வாரிதேன் போட்டிருந்துச்சு சார். லாரி வந்த அன்னைக்கு அம்மா வீட்டுலதேன் இருந்தா."

டாக்டர் மோரைக் கீழே வைத்தார். "அன்னிக்கு நான் கேட்டேனேம்மா?"

"நோவு இருக்கான்னு கேட்டீக. அது நோவு இல்லையே சார். அம்மா." சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. "அதுக்கும் வரும்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. என் கையாலதேன் களி குடுத்தேன். நாந்தேன் கூண்டுக்குள்ள கூப்புட்டேன்."

டாக்டர் இல்லை என்று தலையாட்டினார்.

"உங்க மேல தப்பில்லம்மா. நான் கேட்டது தப்பு. இந்த ஊர்ல அம்மையை நோவுன்னு சொல்ல மாட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியாம நடந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

இதற்குள் சிவனாண்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் சொன்னது இதுதான்: "பொம்பள சார். அவளுக்கு என்ன தெரியும்?"

முத்துத்தாய் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவன் துண்டால் ரோசியின் மூக்கைத் துடைத்தது எதற்கு என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் அவனை எத்தனையோ தடவை ஏசியிருக்கிறாள். இப்படிப் பார்த்தது கிடையாது.

டாக்டர் எழுந்து ஸ்கூட்டரிடம் போனார். சிவனாண்டி வழியனுப்பப் பின்னாலேயே போனான். அவர் வண்டியை உதைத்துக் கிளப்பியதும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான்.

"சார், எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க சொன்னீகள்ல, மனுசனுக்கு வாரதெல்லாம் அதுக்கும் வரும்னு. அன்னைக்கு அதுக்கு மூக்கு ஒழுகுச்சு. நீங்க வாரதுக்கு முன்னால நாந்தேன் தொடச்சுவிட்டேன். சொன்னா லாரி திரும்பிப் போயிரும்னு சொல்லல."

டாக்டர் வண்டியை அணைத்தார். அடிப்பார், இல்லை போலீஸ் என்பார் என்று சிவனாண்டி எதிர்பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லியிருந்தா லாரியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். பிள்ளைக்குக் குணமாகி, ரோசியும் தேறுதான்னு பார்த்துட்டு வைகாசியில வேற லாரி வரவழைச்சிருப்பேன்."

"அம்புட்டுத்தேனா சார்?"

"அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "உங்க பொண்ணுக்கு இப்பக் கண்ணு காதெல்லாம் நல்லா இருக்கா? மணல்வாரிக்கு அப்புறம் பார்த்துக்கணும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, தெரிஞ்ச டாக்டர்கிட்டச் சொல்றேன்."

அவர் போய்விட்டார். சிவனாண்டி வெயிலில் அங்கேயே நின்றான். செத்த இரண்டு ஜீவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த மனுஷனுக்குத் தன் பிள்ளையின் கண்ணைப் பற்றிக் கேட்கத் தோன்றியிருக்கிறது. அது அவனால் தாங்க முடியாததாக இருந்தது. இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

வீட்டுக்குள் ஜெயக்கொடி சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். உடம்பில் தோல் உரிந்து புதுநிறம் வந்திருந்தது. டாக்டர் கிளம்புவதைப் பார்த்துத்தான் அவள் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

"யப்பா, ரோசி எப்படி இருக்காம்?"

சிவனாண்டி வாயைத் திறந்தான். அதற்குள் முத்துத்தாய் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "நல்லாருக்காம்."

"அந்த ஆம்பளை?"

"அதுவும் நல்லாருக்காம்."

"ரெண்டும் சேந்துக்கிருச்சா?"

"சேந்துக்கிருச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்காம். நீ தின்னு."

லாரி வந்த அன்றைக்கு விளைவு தெரியாமல் தான் அறிந்த மெய்யைச் சொன்னவள், இன்றைக்குத் தெரிந்தே பொய் சொன்னாள். சொல்லிவிட்டு, அவனுக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சிவனாண்டி உட்காரவில்லை. வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறேன் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அன்றைக்குக் காலையிலிருந்தே கரண்டு இல்லை, மோட்டார் ஓடாது. அது அவளுக்கும் தெரியும். "போயிட்டு வாங்க" என்றாள்.